அறுபதும் அறுபதும் எவ்வளவு?

கேள்வி: மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி, காயைக் களத்தில் காயப்போட்டிருந்தேன். செல்போனில் ஒரு ஆப், நாளை மழைக்கு 60 சதவிகித வாய்ப்பு என்றது. இன்னொரு ஆப்பும் அதே 60. சரி, 60தானே என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் டீக்கடையில் இரண்டு பேர் 'அநேகமா வரும்' என்றார்கள். உடனே மழை நிச்சயம் என்று தோன்றி, தார்ப்பாய் வாங்க ஓடினேன். ஏன் இப்படி?
- ஒரு விவசாயி, அணைக்கட்டு (வேலூர்)

பதில்: ஊர் உலகமே அப்படித்தான். ராபர்ட் மிஸ்லாவ்ஸ்கி, செலியா கேர்டிக் என்ற ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2022இல் எழுதினார்கள். இரண்டு பேர் எண்ணாகச் சொன்னால் நாம் சராசரி போடுகிறோம்: 60, 60, ஆக 60. வார்த்தையாகச் சொன்னால் ஆளை எண்ணுகிறோம்: ஒருவரும் 'அநேகமா', மற்றவரும் 'அநேகமா', ஆகவே வர வாய்ப்பு இன்னும் ரொம்ப அதிகம்!

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்தச் சேதி அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஆப்கள் பெரும்பாலும் ஒரே செயற்கைக்கோள் படங்களையும் ஒரே மாதிரிக் கணினிக் கணிப்புகளையும் நம்பி ஓடுகின்றன. அதனால் நீங்கள் 60லேயே நின்றது சரி, யோசிக்காமல் நின்றிருந்தாலும். டீக்கடைக்காரர்களும் காலையில் அதே ஆப்பைப் பார்த்தவர்கள் என்றால் (வானத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்?), உங்களிடம் நான்கு சாட்சி இல்லை, ஒன்றுதான்.

ஒடுகத்தூரிலிருந்து உங்கள் மச்சான் போன் போட்டு, 'மலை மேல கருக்குது, காத்து திரும்பிடுச்சு' என்றால் அது தனிச் சேதி. அப்போது சராசரி போடுவதுதான் தப்பு. மழை வருவதும் வராததும் சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சேதிகள் தனித்தனியே 60 என்றால், வருவதற்கு மூன்று பங்கு, வராததற்கு இரண்டு. இரண்டு சேதியையும் சேர்க்க, மூன்றை மூன்றாலும் இரண்டை இரண்டாலும் பெருக்கினால் ஒன்பதுக்கு நான்கு. அதாவது பதின்மூன்றில் ஒன்பது, சுமார் 69 சதவிகிதம். கூடுகிறது; ஆனால் நிச்சயத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதிலும் நம் பக்கத்து ஆவணி இடிமழை காட்பாடியில் கொட்டும், பாகாயத்தில் மண்கூட நனையாது.

அப்புறம், தார்ப்பாய். அதற்கு நிச்சயம் எதற்கு? அரைகுறையாகக் காய்ந்த காய் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும், வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். ஆப் 30 என்று சொல்லியிருந்தாலும் காலையிலேயே வாங்கியிருக்க வேண்டும்.