ஆதார் கேட்கும் ரசிகர்கள்

அண்ணா, வணக்கமுங்க.

எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். சின்ன வயதிலிருந்தே கூத்துப் பைத்தியம். அப்பிச்சி தோளில் உட்கார்ந்து பார்த்த பழக்கம். போன வருடம் முகநூலில் கொங்குப் பகுதிக் கூத்து, நாடக ரசிகர்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். சொந்தப் பெயரும் படமும் போடவில்லை. மாரியம்மன் படமும் ஒரு புனைபெயரும்தான்.

பக்கத்து ஊர்க் கோயிலில் விடிய விடிய கர்ண மோட்சம் நடந்தது. மறுநாள் அதைப் பற்றி எழுதினேன். கர்ணன் போருக்குக் கிளம்பும்போது அவன் மனைவி பொன்னுருவி வேஷம் கட்டியவர் அவன் முகத்தைப் பார்க்காமல் கால் சலங்கையையே பார்த்துப் பாடினார். ஹார்மோனியக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைத்தான் எழுதியிருந்தேன்.

அதே வாரம் இன்னொரு கூத்துக் குழுவை, அதாவது செட்டைத் திட்டி நாலைந்து புதுக் கணக்குகள் கிளம்பின. எல்லாம் ஒரே ஆள்தான் என்று குழுவில் ஓர் அண்ணன் ஸ்கிரீன்ஷாட் போட்டு ஒரு பட்டியல் எழுதினார். அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். 'இது பொண்ணே இல்லை, கர்ண மோட்சம் ஆடுன செட்டு ஆளு' என்கிறார்கள். ஆதார் படம் அனுப்பினால் நம்புகிறோம் என்று அட்மின் சொல்கிறார். அனுப்பிவிடட்டுமா, விலகிவிடட்டுமா?

பெயர் வேண்டாம், கோபி

அன்புள்ள அம்மணிக்கு,

ஆதாரை அனுப்ப வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையில் உங்கள் பெயர், படம், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் இருக்கின்றன. ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எதை மறைத்தீர்களோ, அத்தனையும் ஒரே படத்தில் அடுத்தவர் போனுக்குப் போய்விடும். அட்மின் நல்லவராகவே இருக்கட்டும். அவர் போனை வேறு யார் யார் பார்ப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

அனுப்பினாலும் அதில் எதுவும் நிரூபணம் ஆகாது. பத்துக் கணக்கு வைத்திருப்பவனுக்கும் ஓர் ஆதார் உண்டு. அதை அனுப்பிவிட்டு மற்ற ஒன்பதையும் அவன் நடத்திக்கொண்டே இருக்கலாம். நீங்கள் பெண் என்று அட்டை சொல்லும். அந்த நாலைந்து கணக்குகள் உங்களுடையவை அல்ல என்று அது சொல்லாது. அடையாளம் கேட்பவர்கள் இதை யோசித்ததாகவே தெரியவில்லை.

ஆனால் குழுவில் இருப்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, அது நியாயமான கோபம்தான். கூத்துக் கலைஞர்களின் வருமானம் பெரும்பாலும் கோயில் திருவிழாக்களை நம்பியே இருக்கிறது. முன்பு ஊர்ப் பெரியவர்கள் நேரில் போய் செட்டை நடத்தும் வாத்தியாரைப் பார்த்து அச்சாரம் கொடுத்துவிட்டு வருவார்கள். இப்போது விழாக் குழுவில் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். யூடியூபில் பார்க்கிறார்கள், கீழே எழுதியிருப்பதைப் படிக்கிறார்கள். 'இந்த செட்டு பாதி ராத்திரியில் மூட்டை கட்டிவிடும்' என்று நாலு பேர் எழுதியிருந்தால் அந்த அச்சாரம் வேறு இடத்துக்குப் போகும். நாலு பேரும் ஒரே ஆளாக இருந்தால் அது ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கும் வேலை. அதைக் கண்டுபிடிக்க நினைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆட்களைப் பெருக்கிக் காட்டுவது மேடை உலகத்துக்குப் புதிதும் அல்ல. ரோமப் பேரரசன் நீரோ மேடையேறிப் பாடும்போது கைதட்டுவதற்கென்றே 5,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் திரட்டியிருந்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். தேனீ இரைச்சல், கூரை ஓடு, செங்கல் என்று அந்தக் கைதட்டலில் வகைகளுக்குப் பெயரே இருந்தது. பாரிஸில் 1820இல் நாடகங்களுக்குக் கைதட்ட ஆள் அனுப்பும் அலுவலகமே திறந்தார்கள். சிரிப்பதற்குத் தனி ஆள், கைக்குட்டையைக் கண்ணில் வைத்து அழுவதற்குத் தனி ஆள், இன்னொரு முறை பாடச் சொல்லிக் கத்துவதற்குத் தனி ஆள். அந்த ஆட்கள் தங்கள் பெயரை மறைக்கவில்லை. ஒருவர் கொடுத்த காசை நூறு பேரின் ரசனையாகக் காட்டினார்கள், ஏமாற்று அங்கேதான் இருந்தது.

உங்கள் குழு தவறவிட்டது இதைத்தான். பெயரை மறைப்பது வேறு, ஒரே ஆள் பத்துப் பேராக வருவது வேறு. 1930களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத, நாட்டிய விமர்சனம் எழுதியவர் கல்கி. எழுதியது சரியா தவறா என்றுதான் அதைப் பற்றிப் பேச முடியும். புனைபெயரில் வந்தது என்பதற்காக அதை யாரும் போலி என்று ஒதுக்கமாட்டார்கள்.

பெண்கள் பெயரை மறைப்பதற்கு நம் பக்கத்தில் காரணமும் இருக்கிறது. பவானியிலோ அந்தியூரிலோ ஒரு பெண் சொந்தப் படத்தோடு ஒரு கூத்துக்காரரைப் புகழ்ந்து எழுதினால் சாயங்காலத்துக்குள் மச்சாண்டார், கொழுந்தனார், அவர்களின் நண்பர்கள் என்று எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். 'ராத்திரி முழுக்க அங்கேயா இருந்தாய்?' என்ற கேள்வி வீட்டுக்கு வரும். கோயில் திடலில் பாய் விரித்து ஒரு பக்கமாக உட்கார்ந்து விடியும்வரை பார்க்கிற கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று கூத்தாடுகிறவர்களுக்குத் தெரியும். குழுவில் அவர்களை ஏன் காணோம் என்று அந்த அட்மின் ஒருநாளாவது யோசித்திருந்தால் மாரியம்மன் படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்.

இனி அவர்கள் வைத்திருக்கும் ஆதாரங்களைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை முழுக்கப் படித்தேன். எல்லோரும் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் எழுதியிருக்கிறார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் வேறு எப்போது எழுதுவார்கள்? தூங்கி எழுந்து சோறு தின்றுவிட்டுத்தான் போனை எடுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே எழுத்துப்பிழை என்பது இன்னொன்று. போனில் பேசித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரே செயலி ஒரே பிழையைத்தான் போட்டுக்கொடுக்கும். எல்லோரும் 'ஏனுங்க' என்று ஆரம்பிக்கிறார்களாம். ஈரோட்டுக்காரர்கள் வேறு எப்படி ஆரம்பிப்பார்கள்?

ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்புக்கான எண், ஒன்றாக இருக்கிறது என்றும் ஒருவர் அடித்துச் சொல்கிறார். முகநூல் குழுவில் உறுப்பினருக்கும் சரி, அட்மினுக்கும் சரி, அது தெரியவே வழியில்லை. தெரிந்தாலும் பிரயோஜனம் குறைவு. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரே வீட்டு வைஃபையில் அண்ணனும் தங்கையும் எழுதினாலும் ஒரே முகவரிதான் வரும்.

அப்படியானால் போலியைக் கண்டுபிடிக்கவே முடியாதா? ஓரளவு முடியும். ஒரே வாக்கியம் இரண்டு கணக்குகளில் எழுத்து மாறாமல் வந்தால் அது வலுவான சந்தேகம். ஒரு கணக்கிடம் கேட்ட கேள்விக்கு இன்னொரு கணக்கு 'நான் முன்பே சொன்னேனே' என்று தவறிப்போய்ப் பதில் சொன்னால் அதைவிட வலுவானது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த நாலைந்து கணக்குகளும் கூத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 'மட்டமான செட்டு', 'காசு வேஸ்ட்' என்பதைத் தாண்டி எதுவும் இல்லை. எந்தக் கதை, யார் என்ன வேஷம், எந்தப் பாட்டில் தாளம் விட்டது, ஒன்றும் கிடையாது. திடல் பக்கமே போகாமல் இதை எழுதிவிடலாம்.

உங்கள் பதிவு அப்படிப்பட்டதில்லை. பொன்னுருவி சலங்கையைப் பார்த்துப் பாடியதை அங்கே விழித்து உட்கார்ந்திருந்த ஒருவரால்தான் எழுத முடியும். ஹார்மோனியக்காரரின் கை நின்றதைக் கவனிக்க மேடையைப் பல வருடம் பார்த்துப் பழகிய கண் வேண்டும். புகழ்ச்சியாக ஒரு சொல்கூட நீங்கள் போடவில்லை. அந்த செட்டின் பெயரைக்கூட ஒரு முறைதான் சொல்லியிருக்கிறீர்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் பெயரைத்தான் முதலில் சொல்வார். உங்களையும் அந்தக் கணக்குகளையும் ஒரே பட்டியலில் சேர்த்தவர் இரண்டையும் படிக்கவில்லை, முகப்புப் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார். கூத்து ரசிகர் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு கூத்தைப் பற்றி எழுதியதைப் படிக்காமல் ஆளைத் தேடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அட்மினுக்கு இதைச் சொல்லுங்கள். யாருக்காவது சந்தேகம் இருந்தால் அதைத் தனியாக அவரிடம் சொல்லட்டும், அவர் முகநூல் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பட்டும். எல்லோரும் பார்க்கும்படி பட்டியல் போட வேண்டாம். உங்கள் பெயரைப் போல நாளைக்கு இன்னொருவர் பெயர் அதில் தவறாக ஏறும், அவர் உங்களைப் போலக் கடிதம் எழுதாமல் பேசாமல் போய்விடுவார். குழுவில் பெயரில்லாமல் பதிவிடும் வசதியை அட்மின் திறந்துவிடலாம். அதில் எழுதுகிறவர் யார் என்று அட்மினுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. உங்களைப் போன்றவர்களுக்கு அதுவே போதும். நிஜமான ஓர் ஆளின் பெயரையும் படத்தையும் திருடி யாராவது அவராகவே நடித்து ஏமாற்றினால் அது வேறு விஷயம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதற்குச் சைபர் குற்றப் பிரிவு இருக்கிறது. மாரியம்மன் படம் வைத்துக் கர்ண மோட்சத்தைப் பற்றி எழுதிய பெண்ணுக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விலகட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது விலகாதீர்கள் என்பேன். நீங்களாகப் போனால், பிடிபட்டதும் ஓடிவிட்டாள் என்பார்கள், அந்தப் பட்டியலும் உண்மை ஆகிவிடும். ஆதார் தரமாட்டேன் என்று ஒரு முறை மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த கூத்தைப் பற்றி எழுதுங்கள். அவர்களாக நீக்கினால் போகட்டும். கடிதத்தில் பொன்னுருவி காட்சியோடு நிறுத்திவிட்டீர்கள். கர்ணன் தேர்ச்சக்கரம் புதைந்து நிற்கும் இடத்தை அந்த செட்டு எப்படி ஆடியது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். நீங்கள் சொல்லும் பெயரிலேயே இங்கே வெளியிடுகிறேன்.