தோற்ற ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

மகளைக் கூடைப்பந்து ஆட விடலாமா, படிப்பு கெடுமா என்று ஆலோசனை கேட்டு அன்று நீங்கள் பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் அவள் விரலில் சுற்றியிருந்த டேப்பைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள். கவனித்தீர்களா? பேச்சு முழுக்க அவளைப் பற்றி. அவள் பேசியதோ நாலு வார்த்தை. அதனால்தான் கடைசியில் உங்களை வெளியே உட்காரச் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூடைப்பந்து உலகப்பிரகாரமான காரியம் என்று அவள் அப்பா சொல்வதாகச் சொன்னீர்கள். அந்த விளையாட்டு பிறந்த கதையை அவரிடம் சொல்லுங்கள். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில்தான் அது உருவானது. உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் இறையியல் படித்தவர். குளிர்காலத்தில் வெளியே போகமுடியாமல் இளைஞர்கள் பொறுமை இழந்து கிடந்தார்கள். வெளியில் ஆடும் முரட்டு ஆட்டங்களைக் கட்டடத்துக்குள் ஆடினால் அடிபடும். பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதினார். இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, காலைத் தட்டிவிடக் கூடாது என்பதும் அந்தப் பதின்மூன்றில் அடக்கம்.

இதனால் அப்பாவின் பயம் வெறும் பயம் என்று சொல்லவரவில்லை. 'சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது' என்ற வேதவசனத்தை அவர் எடுத்துக்காட்டியிருப்பார். அற்பம் என்றால் கொஞ்சம். ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. அதை எழுதிய பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது பந்தய ஓட்டக்காரரையும் குத்துச்சண்டைக்காரரையும் உதாரணத்துக்குக் கூப்பிடுகிறார். கிரேக்க நகரமான கொரிந்துவுக்குப் பக்கத்திலேயே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய போட்டிகள் நடக்கும்; பரிசு, வாடிப்போகும் இலைக் கிரீடம். 'ஓடாதே' என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கிரீடம் வாடும் என்பதை மறக்காதே என்கிறார். அதே பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது வீண் புகழ்ச்சி வேண்டாம், ஒருவரையொருவர் கோபமூட்ட வேண்டாம் என்கிறார். அப்பா கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

அதைத் தெரிந்துகொள்ள நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: கடைசியாகத் தோற்ற ஆட்டத்தைச் சொல்லு. சில பிள்ளைகள் ரெஃப்ரியில் ஆரம்பித்துக் கூட விளையாடியவளில் முடிப்பார்கள். சிலர் வாயே திறக்க மாட்டார்கள், இரண்டு நாள் சாப்பாடு இறங்கியிருக்காது. உங்கள் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? எதிரணியில் உயரம் குறைந்த ஒரு பெண் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போனதை எழுந்து நின்று செய்து காட்டினாள். 'அது எனக்கு வரலை சார், கத்துக்கணும்' என்றாள். எனக்கு அது போதும். ஆனால் இந்தக் கேள்வியை வருஷத்துக்கு நாலு தடவையாவது நீங்கள் கேளுங்கள். நடுவர் பார்க்காதபோது சட்டையைப் பிடித்து இழுக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் வந்தால், அவள் பதில் மாறும்.

படிப்புக்கு வருவோம். ஒரு வாரம் மணிக்கணக்கு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன் அல்லவா? பிராக்டிஸ் பத்து மணி நேரம், ஃபோன் பதினாலு மணி நேரம். மார்க் குறைந்ததற்குப் பந்து மட்டும் பழி சுமக்கிறது. தூக்கமோ ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்கூட இல்லை. அவள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். முதலில் குறைக்க வேண்டியது எது என்று நான் சொல்லவில்லை, அவளே அந்தத் தாளில் கோடு போட்டாள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். உயிரியல் பாடத்தை அவள் விட்டுவிட விடாதீர்கள். விளையாடியே பிழைப்பவர்கள் மிகச் சிலர்; அவர்களுக்கும் முப்பதுகளில் ஆட்டம் முடிந்துவிடும். முழங்கால் ஜவ்வு கிழிந்தால் திரும்பிக் களம் இறங்க ஒன்பது மாதமாவது ஆகும். குதித்துத் திரும்பும் ஆட்டங்களில் பெண்பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து அதிகம். உயிரியல் கையில் இருந்தால் பிசியோதெரபி, ஊட்டச்சத்து, விளையாட்டு அறிவியல் என்று மைதானத்தை விட்டுப் போகாத படிப்புகளே நிறைய இருக்கின்றன.

அப்புறம், போட்டிப் பயிற்சியைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதாதீர்கள். விசில் ஊதி ஓடவைப்பது உழைப்பு. 'சற்றே இளைப்பாறும்படி' இயேசு சீஷர்களைக் கூப்பிட்டாரே, அந்த மாதிரி நேரம் அவளுக்குத் தனியாக வேண்டும். வளரும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சி இல்லாமல் விடுங்கள் என்று விளையாட்டு மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஓய்வுநாள் கட்டளையை எத்தனையோ முறை கேட்ட நமக்கு இது புதுசு இல்லை.

ஆராதனை நாளான ஞாயிற்றுக்கிழமை ஆடலாமா என்ற விஷயத்தில் எல்லாரும் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடலைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறு என்பதால் ஓட மறுத்து, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். பலரும் சொல்லாமல் விடுவது இது: கடைசி நிமிஷத்தில் அவர் முறுக்கிக்கொள்ளவில்லை. அட்டவணை பல மாதம் முன்பே தெரியும். அந்த மாதங்களை 400 மீட்டருக்குப் பயிற்சி எடுக்கச் செலவழித்தார். தங்கம் வாங்கிய அடுத்த வாரமே எடின்பரோவில் அறிவியல் பட்டமும் வாங்கினார். பிறகு சீனாவில் மிஷனரி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தபோது, ஞாயிறு அன்று பிள்ளைகள் நடுவர் இல்லாமல் ஹாக்கி ஆடி அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு விசிலோடு போய் நின்றவர் அதே லிடல்தான். தனக்கு வைத்த கட்டுப்பாட்டை அவர் அந்தப் பிள்ளைகள் தலையில் தூக்கி வைக்கவில்லை.

ஆகவே இந்த வாரமே போட்டி அட்டவணையை வாங்கிவிடுங்கள். ஞாயிறு எத்தனை, அதில் ஆராதனை நேரத்தோடு மோதுவது எத்தனை என்று அவளே குறிக்கட்டும். எதில் ஆட மாட்டாள் என்பதை அணித் தேர்வுக்கு முன்பே பயிற்சியாளரிடம் அவளே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். ஆட்டத்துக்கு முந்தின நாள் சொன்னால் நாலு பிள்ளைகளின் உழைப்பு வீணாகும், அதுவும் நல்ல சாட்சி இல்லை.

அடுத்த சந்திப்புக்கு அப்பாவையும் அழைத்து வாருங்கள். அவள் ஆடி அவர் இதுவரை ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லையாம்; அவள் சொன்ன நாலு வார்த்தையில் அதுவும் ஒன்று. ஒன்றையாவது பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.