படகுக்கு பில் எங்கே?

அன்புள்ள அண்ணா,

நான் திருவொற்றியூர்க்காரி. சிவில் பொறியியலில் பிஎச்டி, மூன்றாம் ஆண்டு. எண்ணூர் வரையிலான கடல் அரிப்புதான் தலைப்பு. குப்பங்களில் கேட்டு எழுதியதையும் ஆய்வேட்டில் சேர்க்கப் பார்த்தேன். "அது சமூகவியல், நமக்கு எதற்கு?" என்கிறார் நெறியாளர். சமூகவியல் துறையிலோ, "மணல் கணக்கை நாங்கள் எப்படி மதிப்பிடுவது?" என்கிறார்கள். ஆழம் அளக்க எடுத்த படகு வாடகையையும் பில் இல்லை என்று அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். பேசாமல் ஒரே துறைக்குள் அடங்கிவிடட்டுமா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

அடங்க வேண்டாம். நம் கரையில் மணல், வருடம் முழுக்கக் கூட்டிக் கழித்தால், தெற்கிலிருந்து வடக்கே போகிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. தடுப்பதற்குத் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர், போட்டார்கள். அதுவும் ஒரு குட்டித் துறைமுகச் சுவர்தான். தனக்குத் தெற்கே மணலைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த குப்பத்துக்கு வரவேண்டியது வராது. இதுவரை உங்கள் நெறியாளரின் பாடம்.

ஆனால் கரைவலை இழுக்கக் கல் இல்லாத கரை வேண்டும். கல் கொட்டிய இடத்தில் கடல் நிற்கலாம், வலைக்காரருக்குக் கரை போய்விட்டது. ஒருமுறை அந்தப் பக்கம் நடந்தபோது மூன்று படிக்கட்டு மட்டும் மணலில் நிற்பதைப் பார்த்தேன். வீட்டைக் காணோம். மேல்படியில் உட்கார்ந்து ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். "கல்லு அங்க போட்டாங்க, கடலு இங்க வந்துச்சு" என்றார். கடல்மட்டம் ஏறும் காலத்தில் எந்தக் குப்பத்துக்கு என்ன தடுப்பு என்று முடிவெடுக்க உங்கள் மணல் கணக்கும் வேண்டும், அவர் பேச்சும் வேண்டும்.

சரி, பணம். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். குறை சொல்ல மாட்டேன், கையில் ஒழுங்காக வந்தால். இடிப்பது சில்லறைச் செலவில்தான். அதற்கென்று தனியாகத் தருவது, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அறிவியல் துறை என்றால் ஆண்டுக்கு 12,000, சமூகவியல் என்றால் 10,000. இரண்டு துறைக்கும் நடுவில் நிற்பவருக்கு? பதிவு எங்கேயோ அந்தத் தொகை, அவ்வளவுதான். ஃபைபர் படகுக்காரர் ஜிஎஸ்டி எண் போட்டு பில் தருவாரா? இந்த ஒரு காகிதத்தைச் சரிசெய்யாமல் துறைகள் இணையவேண்டும் என்று கருத்தரங்கு நடத்திச் சால்வை போர்த்துவதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள், பல துறை சார்ந்த ஆய்வுக்கு வேறு துறையிலிருந்து இணை நெறியாளர் வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. சமூகவியல் ஆசிரியர் மணலை மதிப்பிட வேண்டாம், குப்பத்துப் பேச்சை மட்டும் பார்க்கட்டும். இதைச் சொல்லியே கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். அப்புறம், தலைப்பைச் சுருக்குவதற்குப் பதில் கரையைச் சுருக்குங்கள். எண்ணூர் வரை வேண்டாம், அடுத்தடுத்த மூன்று குப்பம் போதும்.

படகு விஷயத்தில், போவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்: தேதி, வாடகை, படகுக்காரர் கையெழுத்திட்ட வவுச்சரை ஏற்பீர்களா என்று. போய்வந்த பிறகு கேட்டால் இல்லை என்பது சுலபம். முன்பே கேட்டால், மறுக்கவும் எழுத்தில்தான் மறுக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலை, உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியின் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப்போங்கள்.