பிராங்க்ளினுக்குக் கடிதம் எழுதிய ஹுஸார்

கேள்வி: அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஹங்கேரிக்காரர்களும் சண்டை போட்டார்களாமே, உண்மையா? அவர்களுக்கும் அந்தப் போருக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: உண்மைதான். அந்தப் போரில் உதவிய வெளிநாட்டுக்காரர்கள் என்றால் பிரான்சின் லஃபாயெத், போலந்தின் புலாஸ்கி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். மிஹாய் கோவாச் பெயரை அநேகமாக யாரும் எடுப்பதில்லை, எனக்கு அதில் ரொம்பவே வருத்தம் உண்டு.

1724-இல் ஹங்கேரியின் கார்த்சாக் என்ற ஊரில் பிறந்தவர் கோவாச். ஹுஸார் எனப்படும் ஹங்கேரியக் குதிரைவீரர்கள் அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பேர்போனவர்கள். கனத்த கவசமெல்லாம் கிடையாது, வேகமான குதிரை, கையில் வளைந்த வாள், எதிரியை வேவு பார்ப்பது, எதிர்பாராத நேரத்தில் பாய்ந்து அடித்துவிட்டு மறைந்துவிடுவது, இதுதான் அவர்கள் வேலை. கோவாச் இதில் ஊறியவர், பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கின் படையிலும் இருந்து தேறியவர்.

1777 ஜனவரியில், பிரான்சின் போர்டோ துறைமுகத்திலிருந்து பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராங்க்ளின் அப்போது அமெரிக்காவுக்கு ஆதரவு திரட்ட பாரிஸில் இருந்தார். கடிதம் லத்தீனில். ஹங்கேரியில் 1844 வரை அரசாங்க மொழியே லத்தீன்தான், அதனால் அவருக்கு அது இயல்பாக வந்திருக்கும். உங்கள் படையில் சேர்ந்து பணியாற்றத் தயார் என்று சொல்லிவிட்டு, ‘சாகும்வரை மிகுந்த விசுவாசத்துடன்’ என்று முடித்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், முன்பின் பார்க்காத ஒரு தேசத்துக்காக எழுதிய வரி இது.

அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டனிடம் காலாட்படை இருந்தது, சொல்லிக்கொள்கிற மாதிரி குதிரைப்படை இல்லை. 1778-இல் புலாஸ்கி படையணி உருவானபோது தலைமை புலாஸ்கிக்கு, ஆட்களைப் பழக்கி ஹுஸார் பாணியில் படையாக நிறுத்துகிற பொறுப்பு கர்னல் கோவாச்சுக்கு. குதிரைமேல் கூட்டமாக ஏறி உட்கார்ந்துவிட்டால் குதிரைப்படை ஆகிவிடாது இல்லையா, அந்த உழைப்புதான் என்னைப் பொறுத்தவரை அவர் செய்த பெரிய காரியம். 1779 மே 11 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே ஆங்கிலேயரோடு நடந்த மோதலில் குண்டடிபட்டு இறந்தார். கடிதத்தில் எழுதியதை அப்படியே நிறைவேற்றிவிட்டார். சார்ல்ஸ்டனில் உள்ள சிட்டடெல் ராணுவக் கல்லூரியில் ஒரு மைதானத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கேள்வி: கோவாச் ஒருவர்தானா, வேறு நாட்டு விடுதலைக்குப் போன ஹங்கேரியர்கள் இன்னும் உண்டா?

பதில்: உண்டு, இத்தாலியைப் பாருங்கள். ஆஸ்திரியாவை எதிர்த்து 1848-49-இல் ஹங்கேரி நடத்திய போர் தோற்றது, பலர் நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. இத்தாலியர்களுக்கும் ஆஸ்திரியா தலைவலி என்பதால் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் நிறைய. இஷ்ட்வான் டுர் ஆஸ்திரியப் படையைவிட்டு 1849-லேயே அந்தப் பக்கம் போனவர், பிறகு இத்தாலிய விடுதலைப் போராட்டத் தளபதி கரிபால்டிக்கு வலதுகை ஆனார். 1860 மே மாதம் கரிபால்டியின் ஆட்கள் பலெர்மோ நகருக்குள் நுழைந்தபோது முன்னணியில் நின்ற லாயோஷ் டுகோரி படுகாயமடைந்து, சில நாட்களில் இறந்துபோனார். பலெர்மோவில் ஒரு பெரிய வீதிக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.