பினாங்கில் வாடகைக் கார்: சாவியை வாங்கும் முன் கேட்க வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பினாங்குப் பயணம் பற்றிய கேள்விகள் குவியும். இந்த முறை ஐந்தை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது கேள்விக்கான பதில் நீளம். வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: ஐந்து நாள் பினாங்கு போகிறோம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இருவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. ரயிலில் பட்டர்வொர்த் வந்து, அங்கேயே கார் எடுத்து ஐந்து நாளும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஐந்து நாளுக்குத் தள்ளுபடியும் உண்டாம். எடுக்கலாமா?
— வாசகி, கிள்ளான்

பதில்: தள்ளுபடிக்காக ஐந்து நாளும் எடுக்காதீர்கள், சகோதரி. இரண்டு நாள் போதும்.

ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பாரம்பரியப் பகுதியும் அதைச் சுற்றிய காப்பு வளையமும் சேர்ந்து ஏறக்குறைய 260 ஹெக்டர்தான். கார்ன்வாலிஸ் கோட்டை, குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கூ கொங்சி, ஆர்மீனியன் ஸ்திரீட் எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கின்றன. தெருக்களில் பல ஒருவழிப் பாதை. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் பெரிய சுற்று. கார் நிறுத்த ஓர் இடம் கிடைத்துவிட்டால் அதை விட்டுக் கிளம்பவே மனம் வராது. இங்கே கார் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்க, நீங்கள் வாடகையும் கொடுத்து, நிறுத்தக் கட்டணமும் கட்டுவீர்கள்.

வந்து சேரவும் கார் வேண்டாம். பட்டர்வொர்த் ரயில் நிலையத்திலிருந்து பெர்ரித் துறைக்கு நடந்தே போகலாம். பெர்ரியில் 2021 முதல் கார் ஏற்றுவதில்லை. ஆள்கள், மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள் மட்டும்தான். அங்கே கார் எடுத்தால் பாலத்தைச் சுற்றித்தான் தீவுக்கு வர வேண்டும். பெர்ரியில் வந்தால் இறங்கும் இடத்திலிருந்து லிட்டில் இந்தியா கூப்பிடு தூரம்.

அம்மாவை நினைத்துத்தான் கார் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் ஊருக்குள் அவருக்குச் சிரமம் தருவது தூரம் அல்ல, படிகள். கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். ஏறி இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மோட்டார் சைக்கிளும் நிற்கும். கார் இருந்தாலும் நிறுத்திய இடத்திலிருந்து அந்தப் படிகளில்தான் நடக்கணும். கிராப் எடுத்தால் வாசலில் இறங்கலாம். ரேப்பிட் பினாங்கின் கேட் பேருந்து நகருக்குள் இலவசமாகச் சுற்றுகிறது. டிரிஷாவில் ஏறினால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஏறும் முன்பே விலை பேசிவிடுங்கள். எத்தனை நேரம், எந்தெந்தத் தெரு என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கொடிமலைக்கும் கார் தேவையில்லை. மலை உச்சிக்கு 1923 முதல் இழுவை ரயில்தான். அடிவாரம் வரை கிராப் போதும். கெக் லோக் சி கோயில் அதே பக்கம்தான், ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

கார் உண்மையிலேயே உதவும் இடம் தீவின் மேற்குப் பகுதி. பத்து பெரிங்கி, தெலுக் பாஹாங் வழியாக அணைக்கட்டைத் தாண்டி, வளைந்து வளைந்து மலையேறி, தித்தி கெராவாங் அருவியைக் கடந்து பாலிக் புலாவில் இறங்கும் அந்தச் சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடிந்தால்தான் சுகம். அதற்கு ஒரு நாள். நிலப்பகுதிக்கு, நான்காவது கேள்வியில் வரும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு, இன்னொரு நாள். காரைத் தீவிலேயே எடுத்துத் தீவிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஆறு பேர் என்பதால் மைவி ஆகாது, அது ஐவருக்கான கார். அல்சா போன்ற ஏழு இருக்கைக் கார் கேளுங்கள். மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பின்னால் பெட்டி வைக்க இடம் மிகக் குறைவு, அதனால் மூட்டை முடிச்சு விடுதியிலேயே இருக்கட்டும். 2020 முதல் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். பிள்ளைகளின் வயதையும் உயரத்தையும் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்று காலையில் கேட்டால் இருக்காது.

கேள்வி: முகநூலில் பார்த்த ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) பேசினார். மற்ற இடங்களைவிட ஒரு நாளைக்கு முப்பது வெள்ளி குறைவு. கார் அவருடைய சொந்தக் கார், புதிதாகவே இருக்கிறது. முன்பணத்தைத் தன் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகர், சிரம்பான்

பதில்: அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் அந்தக் காரை எடுக்க வேண்டாம் ஐயா.

காரணம் காப்புறுதி. தனியார் காருக்கான வழக்கமான காப்புறுதிப் பத்திரத்தில், வாடகைக்கு விட்டால் பாதுகாப்பு இல்லை என்ற விதி இருக்கும். நீங்கள் ஓட்டும்போது விபத்து நடந்து, கார் வாடகையில் ஓடியது தெரிந்தால், காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். அப்போது பழுதுச் செலவைக் கார்க்காரர் யாரிடம் கேட்பார்? உங்களிடம்தான். கார் புதிதாக இருக்கிறது என்கிறீர்கள். புதிய காருக்குச் செலவும் பெரிது.

முறையாக வாடகைக்கு விடும் நிறுவனம் அதற்கென உரிமம் பெற்றிருக்க வேண்டும். காரின் பதிவுப் பத்திரத்தில், அதாவது நாம் கிராண்ட் என்று சொல்வதில், பயன்பாட்டு வகை என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'பெர்செண்டிரியான்' என்றிருந்தால் அது சொந்தப் பயன்பாட்டுக்கான கார். பத்திரத்தின் படத்தையும் காப்புறுதிப் பத்திரத்தின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் தயங்க மாட்டார். 'அதெல்லாம் எதுக்கு அண்ணே' என்று பதில் வந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உரிமம் உள்ள இடத்துக்கே போனாலும் நாள் வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒப்பந்தத்தில் 'எக்ஸஸ்' என்று ஒரு தொகை இருக்கும். சேதம் ஏற்பட்டால் முதலில் உங்கள் பையிலிருந்து போகும் தொகை அது. ஓரிடத்தில் மூன்று நாளுக்கு 90 வெள்ளி மிச்சம், ஆனால் எக்ஸஸ் 3,000 வெள்ளி. இன்னோரிடத்தில் வாடகை கூட, எக்ஸஸ் 500 வெள்ளி. இப்படி இருந்தால் நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கூடுதலாகக் கட்டி எக்ஸஸைக் குறைத்துக்கொள்ளும் வசதி பல இடங்களில் உண்டு. அந்த வசதியிலும் டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி பெரும்பாலும் சேராது. பினாங்கின் பழைய குறுகிய தெருக்களில் அடிபடுவதே இவைதான். ஓரச் சாக்கடையில் ஒரு சக்கரம் இறங்கினால் டயர், ரிம், அடிப்பகுதி மூன்றும் ஒரே நேரத்தில் போகும். இவை சேருமா என்று வாய்விட்டுக் கேளுங்கள், சேரும் என்றால் எழுதி வாங்குங்கள்.

காரை மாற்றி மாற்றி ஓட்டப் போகிறீர்களா? ஓட்டும் எல்லார் பெயரும் ஒப்பந்தத்தில் ஏறணும். மச்சான் ஐந்து நிமிடம் ஓட்டி அதில் இடித்தாலும், பெயர் இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை.

அப்புறம் முன்பணம். தனியார் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடாதீர்கள். போலீசின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டினால் ஏற்கெனவே புகார் உள்ளதா என்று தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்பதால் மட்டும் நல்ல கணக்கு ஆகிவிடாது, நேற்றுத் திறந்த கணக்காகவும் இருக்கலாம். பணம் போட்டு ஏமாந்துவிட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள், மறுநாள் வரை தள்ளாதீர்கள். கடன் அட்டையில் கட்டினால் முன்பணத்தைப் பெரும்பாலும் பிடித்து மட்டும் வைப்பார்கள். டெபிட் அட்டையில் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், திரும்பி வரவும் நாளாகலாம்.

கேள்வி: காரைத் திருப்பிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, முன் பம்பரின் கீழே கீறல் என்று முன்பணம் 300 வெள்ளியையும் பிடித்துவிட்டார்கள். கீறல் நான் எடுக்கும்போதே இருந்தது என்று நினைக்கிறேன், ஆனால் படம் எடுக்கவில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?
— வாசகர், ஈப்போ

பதில்: விடாதீர்கள். உங்களிடம் படம் இல்லை, சரி. அவர்களிடம் இருக்கிறதா? கார் உங்கள் கைக்கு வரும் முன் எடுத்த படம், திருப்பிக் கொடுத்த அன்று எடுத்த படம், பழுதுபார்த்த ரசீது மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். தொலைபேசியில் வாதாடினால் ஒன்றும் மிஞ்சாது. மின்னஞ்சலோ புலனச் செய்தியோ இருந்தால் பின்னால் உதவும். பல விவகாரங்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் ரசீது இருக்காது.

பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் அமைந்த மன்றம் அது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வைக்கத் தேவையில்லை. விவகாரம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். காரைச் சொந்தப் பயணத்துக்கு எடுத்திருக்க வேண்டும், வியாபாரத்துக்கு எடுத்திருந்தால் இந்த வழி கிடையாது. 'நிறுவனத்தின் முடிவே இறுதியானது' என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் கேள்வி கேட்கும் பகுதி 2010 திருத்தத்தில் அதே சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேளுங்கள். தமிழிலேயே பேசலாம். உள்நாட்டு வாணிப அமைச்சின் இலவச எண் 1-800-886-800.

அடுத்த முறைக்கு ஒன்று சொல்கிறேன். புதிதாகக் கழுவி ஈரம் சொட்டச் சொட்டக் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஈரத்தில் கீறல் தெரியாது. ஒரு துணியைக் கேட்டு வாங்கி பம்பர் நான்கு மூலையையும் துடைத்துப் பாருங்கள். பிறகு காரைச் சுற்றி நடந்தபடி ஒரே வீடியோவாக எடுங்கள்: ரிம், முன்கண்ணாடியின் கீழ் ஓரம், கூரை, மாற்று டயர், பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர். அந்த வீடியோவை அங்கேயே நின்று நிறுவனத்துக்குப் புலனத்தில் அனுப்பிவிடுங்கள், நேரம் பதிவாகிவிடும். திருப்பிக் கொடுக்கும்போதும் அதேபோல் செய்யுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: பினாங்கில் வாடகைக் கார் எடுத்து பூஜாங் பள்ளத்தாக்கு போய்வர முடியுமா? பிள்ளைகளுக்குக் கடாரத்தைக் காட்ட ஆசை.
— வாசகி, காஜாங்

பதில்: தாராளமாக. இந்தப் பயணத்துக்குத்தான் கார் எடுக்க வேண்டும் என்பேன். முதல் பாலத்தைக் கடந்து வடக்கு நோக்கி நெடுஞ்சாலையில் சுங்கை பட்டாணி, அங்கிருந்து மெர்போக். 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் தெற்கே பத்து காவானில் இறங்கும், அது கெடா போகிறவர்களுக்குச் சுற்று. இரண்டு பாலங்களிலும் தீவுக்கு வரும் திசையில்தான் டோல். ஆகவே போகும்போது பாலத்துக்குக் கட்டணமில்லை, திரும்பும்போது உண்டு. டச் என் கோ அட்டையை வாடகைக் காரோடு தருவார்கள் என்று எண்ணாமல் சொந்த அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு போங்கள். மாநிலம் தாண்டலாமா என்று நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தாய்லாந்து எல்லையைத்தான் பொதுவாகத் தடுப்பார்கள், கெடாவை அல்ல.

மெர்போக் தொல்பொருள் காட்சியகம் ஜெராய் மலை அடிவாரத்தில் இருக்கிறது. அதே வளாகத்தில் ஓடையோரம் நிற்கும் புக்கிட் பத்து பாஹாட் சண்டியின் (பழங்காலக் கோயிலின்) கருங்கல் அடித்தளத்தைப் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டுங்கள். தூண்கள் நின்ற கல் பீடங்கள் இன்னும் இருக்கின்றன. மேலே மரத்தூணும் கூரையும் இருந்திருக்கும், அவை மட்கிவிட்டன. ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் வந்தது என்று பாடப்புத்தகத்தில் படித்த ஊர் இந்த வட்டாரம்தான் என்பது அங்கே நிற்கும்போது பிள்ளைகளுக்கு உறைக்கும். சோழர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இது வணிகத்துறை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். இதே பள்ளத்தாக்கில் ஒரு சண்டியை வீடமைப்புக்காக இடித்துத் தள்ளிய செய்தி 2013-இல் வந்தது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை. போய்ப் பார்க்கும் ஆள்கள் கூடினால்தான் மிச்சமுள்ளவற்றின் மீது கண் இருக்கும்.

காலையிலேயே கிளம்புங்கள். மதிய வெயிலில் வயதானவர்களால் அந்தச் சரிவு ஏற முடியாது. மாலையில் பாலம் நெரிசல்.

கேள்வி: வாடகைக் காரில் டுரியான் ஏற்றினால் அபராதமாமே, உண்மையா? சம்மன் வந்தால் யார் கட்டுவது?
— வாசகர், ரவாங்

பதில்: உண்மைதான். பல ஒப்பந்தங்களில் சிகரெட்டுக்கும் டுரியானுக்கும் சேர்த்தே துப்புரவுக் கட்டணம் எழுதியிருக்கும். எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். சம்மன் காரின் சொந்தக்காரர் பெயரில் போகும், நிறுவனம் அதை உங்களிடம் வசூலிக்கும், சில இடங்களில் நிர்வாகக் கட்டணமும் சேர்ப்பார்கள். பணம் கேட்டால் சம்மன் எண்ணை வாங்கி, தேதியும் நேரமும் உங்கள் வாடகைக் காலத்துக்குள் வருகிறதா என்று பார்த்த பிறகே கட்டுங்கள். கார் நிறுத்த 'பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங்' செயலியைக் கிளம்பும் முன்பே இறக்கி, வாடகைக் காரின் எண்ணைச் சரியாகப் பதியுங்கள். பழக்கத்தில் வீட்டுக் காரின் எண்ணையே விட்டுவிட்டால் பணம் கட்டியும் அபராதம் வரும். டுரியானைப் பாலிக் புலாவ் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்கு வேண்டுமென்றால் டுரியான் டோடோல் வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் நன்றாகக் கட்டச் சொல்லி.