ரான்ச் நிலம் விற்கும் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். டல்லாஸுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை, டெக்சாஸின் பெரிய ரான்ச்சுகள், அதாவது மாட்டுப் பண்ணை நிலங்கள், கோடிக்கணக்கான டாலருக்கு விலைபோகும் காணொளிகளைப் பார்த்து அதையே வாழ்க்கைத் தொழிலாக்கிக்கொள்ளலாமா என்ற யோசனை. உரிமம் வாங்குவது எப்படி, எந்த நிறுவனத்தில் சேர்வது, ட்ரோன் கேமரா வாங்க வேண்டுமா, முதல் ஆண்டில் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2001-இல் இதே டல்லாஸ் விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடு இறங்கினேன். ஆறாவது மாதம், என்னை அழைத்து வந்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்தது. வேலை போனால் அறுபது நாள் தங்கி வேறு வேலை தேடலாம் என்று இன்று இருக்கும் அவகாசம் அன்றைக்குச் சட்டத்தில் இல்லை. அந்த நாட்களில் எனக்கு யாராவது நேராகப் பதில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற நினைப்பில்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உரிமத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டெக்சாஸ் ரியல் எஸ்டேட் ஆணையம் குறிப்பிட்டிருக்கும் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றும் முப்பது மணி நேரம், ஆக மொத்தம் 180 மணி நேரம். பிறகு ஒரு தேர்வு, கைரேகைச் சோதனை, உங்களைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும் ஒரு புரோக்கர். ரான்ச்சுக்கென்று தனி உரிமம் கிடையாது. ட்ரோனை வியாபாரத்துக்காகப் பறக்கவிடுவதற்கு மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சான்று வேண்டும். அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது. எச்-1பி விசாவில் இருப்பவர், விசாவுக்கு விண்ணப்பித்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். சனி, ஞாயிறுகளில் நிலம் காட்டிக் கமிஷன் வாங்கினாலும் அது அனுமதியில்லாத வேலைதான். உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்தை ஓர் அதிகாரி புரட்டும் நாளில் அந்தக் கமிஷனுக்கான வருமான வரிப் படிவமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். உரிமம் வாங்குவது வேறு, அதைக்கொண்டு சம்பாதிப்பது வேறு. 'எல்லாரும் செய்கிறார்கள், மனைவி பெயரில் போட்டுக்கொள்ளலாம்' என்று நம்மவர் சிலர் சொல்வார்கள். மனைவிக்கு முறையான வேலை அனுமதி அட்டை இருந்து, அவரே படித்து, அவரே நிலத்தில் நடந்து, அவரே தொழில் செய்தால் அது நேர்மையான வழி. அவர் பெயரை மாட்டிவைத்துவிட்டு நீங்கள் ஓடியாடுவது அப்படியல்ல. நான் கிரீன் கார்டு கைக்கு வரும்வரை காத்திருந்து, 2012-இல்தான் உரிமம் எடுத்தேன். அந்தக் காத்திருப்பு கசந்தது என்றாலும், இன்றும் என் கோப்பில் மறைக்க வேண்டிய தாள் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது பணம். இந்தத் தொழிலில் உங்களுக்குச் சம்பளம் இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, விடுப்பும் இல்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் தனி ஒப்பந்தக்காரர். வருமான வரிக்கு மேல் 15.3 சதவீதம் சுயதொழில் வரி உண்டு, அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே கணக்கிட்டுக் கட்ட வேண்டும். காணொளியில் சொல்லும் கமிஷன் முழுவதும் உங்கள் கைக்கு வராது. விற்பவர் பக்கம், வாங்குபவர் பக்கம் என்று பிரிந்து, உங்கள் பங்கிலிருந்து புரோக்கரின் பங்கும் கழிந்த பிறகு மிஞ்சுவதே உங்களுடையது. எனக்கு முதல் ரான்ச் கிரயம் முடிய பத்தொன்பது மாதம் ஆனது. அதுவும் 74 ஏக்கர்தான். அதுவரை அடுக்குமாடி வீடுகளை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தும், என் மனைவியின் சம்பளத்திலும்தான் குடும்பம் நடந்தது. இரண்டு ஆண்டுச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

எந்த நிறுவனம் என்று கேட்டீர்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் பயிற்சி தருவதாகச் சொல்லி அலுவலகத்தில் இடம் தருவதற்கென்று மாதாமாதம் மேசைக் கட்டணம் வாங்கினார்கள். பதினொரு மாதத்தில் ஒருவர்கூட என்னை ஒரு நிலத்துக்கு அழைத்துப் போகவில்லை. ஆகவே, சேரும் முன் உங்கள் புரோக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நீங்கள் அடுத்ததாக ஒரு ரான்ச்சைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது நானும் வரலாமா?' தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

இனி, என்னை உண்மையில் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். காணொளிகளில் வீடும், அந்திவானமும், குதிரைகளும் தெரியும். விற்பவனுக்குத் தெரிய வேண்டியவை அவற்றில் இருக்காது. தொழிலுக்கு வந்த முதல் ஆண்டிலேயே, ஹூஸ்டனிலிருந்து வந்த மருத்துவத் தம்பதி ஒருவருக்கு லானோ ஆற்றுக்கு வடக்கே 212 ஏக்கர் நிலம் ஒன்றைக் காட்டினேன். சுண்ணாம்புக்கல் பாறைகள், பெரிய ஓக் மரங்கள், குட்டையில் தண்ணீர். அவர்களுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது, ஒப்பந்தமும் போட்டாயிற்று. அந்த நிலத்தின் வாசல் கதவில் ஒரு சங்கிலி இருந்தது; அதில் நான்கு பூட்டுகள் ஒன்றோடொன்று கோர்த்திருந்தன. எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி அவிழும். எனக்குக் கொடுத்த சாவி எந்தப் பூட்டுக்குச் சேரும் என்பதை மட்டும் பார்த்தேன், திறந்தேன், உள்ளே போனேன்.

கிரயத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நில அளவையாளர் தொலைபேசியில் அழைத்தார். கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) பொதுச் சாலையிலிருந்து அந்தக் கதவு வரை வரும் சுண்ணாம்புக்கல் பாதை பக்கத்து நிலக்காரருக்குச் சொந்தம். இரு வீட்டு அப்பாக்களும் ஒரு காலத்தில் கைகுலுக்கிப் பேசிக்கொண்ட ஏற்பாடு அது. எழுத்தில் பாதை உரிமை எதுவும் இல்லை. பக்கத்து நிலம் வாரிசுகளுக்குப் போய்விட்டது, அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். கடன் கொடுக்க இருந்த வங்கி பின்வாங்கியது, பேரம் முறிந்தது. நில உரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனி, காப்பீட்டில் அடங்காதவை என்று அனுப்பிய விலக்குப் பட்டியலில் அதற்கான குறிப்பு இருந்தது. முதல் பக்கத்துக்கு மேல் நான் படிக்கவில்லை. விற்க இருந்த பெரியவர் கோபப்படாமல் என்னை அந்தக் கதவுக்கு அழைத்துப் போய், பூட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். ஒன்று மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்துடையது, ஒன்று எண்ணெய்க் கிணற்றைப் பார்க்க வருபவருடையது, ஒன்று மேய்ச்சல் குத்தகைக்காரருடையது, ஒன்று வீட்டுக்காரருடையது. பக்கத்து நிலக்காரரின் பூட்டு அந்தச் சங்கிலியில் இல்லை. அது சாலையோரக் கதவில், எப்போதும் திறந்தே தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பூட்டும் அந்த நிலத்தின் மேல் யாருக்கோ உள்ள ஓர் உரிமை. அன்றிலிருந்து எந்த ரான்ச்சுக்குப் போனாலும் பூட்டுகளை எண்ணி, யாருடையது என்று எழுதிக்கொண்ட பிறகே உள்ளே போகிறேன்.

எண்ணெய்க்காரரின் பூட்டு உங்களுக்குப் புதிதாக இருக்கும். டெக்சாஸில் நிலத்தின் மேற்பரப்பும் அடியில் இருக்கும் கனிமமும் இரு வேறு சொத்துகள். பல ரான்ச்சுகளில் கனிம உரிமை இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே பிரிந்து யார் யாரிடமோ இருக்கிறது. இந்த மாநிலச் சட்டத்தில் கனிம உரிமைக்கே முதலிடம், எடுப்பவர் தனக்கு நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு மேற்பரப்பைப் பயன்படுத்தலாம். பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கியவரின் வீட்டுக்கு எதிரே துளையிடும் கோபுரம் எழுந்தால், அவர் உங்களைத்தான் தேடி வருவார்.

தண்ணீரும் அப்படித்தான். ஓடுகிற ஆறு மாநிலத்துக்குச் சொந்தம். நிலத்தடி நீர் நிலக்காரருக்குச் சொந்தம் என்பது 1904-இல் இம்மாநில உச்ச நீதிமன்றம் ஏற்ற 'எடுத்தவருக்கே உரியது' என்ற விதியிலிருந்து வருகிறது. பக்கத்து நிலக்காரர் பெரிய மோட்டார் வைத்து இறைத்து உங்கள் கிணறு வற்றினால், பெரும்பாலும் வழக்குப் போட முடியாது. அந்தப் பகுதி நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மாவட்டத்தின் விதிகள்தாம் ஓரளவு தடுப்பு. ஆகவே கிணற்றின் ஆழம், நிமிடத்துக்கு எத்தனை கேலன் தண்ணீர் தரும், 2011-இன் பெரும் வறட்சியில் அது வற்றியதா என்ற மூன்றையும் கேட்காமல் எந்த நிலத்தையும் காட்டாதீர்கள்.

வரியில் ஒரு விஷயம் மட்டும். மேய்ச்சல் நிலத்துக்குச் சந்தை மதிப்பில் அல்லாமல் விளைச்சல் மதிப்பில் வரி போடுவார்கள்; அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு விவசாயப் பயன்பாடு இருந்திருக்க வேண்டும். மாடு வளர்க்க விருப்பமில்லாதவர் வனவிலங்குப் பராமரிப்புக்கோ, ஐந்து முதல் இருபது ஏக்கர் வரை தேனீ வளர்ப்புக்கோ மாறலாம். நிலத்தின் பயனையே மாற்றினால், மூன்று ஆண்டுக்கான வித்தியாச வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். நகரத்திலிருந்து வரும் செல்வந்தர்கள் இதைக் கேட்டு அதிர்ச்சியடைவார்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே அதிர்ச்சியடைந்துவிடட்டும்.

இவற்றையெல்லாம் கணினி முன் உட்கார்ந்து கற்க முடியாது. டெக்சாஸில் விற்பனை விலையைப் பொதுப் பதிவில் வெளியிட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பக்கத்து ரான்ச் ஏக்கர் என்ன விலைக்குப் போனது என்பது அதை விற்ற புரோக்கருக்கும், மதிப்பீட்டாளருக்கும், கால்நடைச் சந்தையில் காப்பி குடிக்கும் பெரியவர்களுக்கும்தான் தெரியும். அவர்கள் உங்களிடம் பேச வேண்டும் என்றால் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். நான் மூன்று ஆண்டுகள் வாரம் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்தேன். ஊர்ப் பெயர்களை அவர்கள் சொல்கிறபடி சொல்லக் கற்றேன்: எழுத்தைப் பார்த்தால் பெக்சார் என்று படிக்கத் தோன்றும் கவுண்டி அவர்கள் வாயில் 'பேர்', பர்னெட் என்பது 'பர்னிட்'. திறந்திருந்த கதவைத் திறந்தே விடவும், மூடியிருந்ததை மூடிவிட்டு வரவும் பழகினேன். புற்களின் பெயர் கற்றேன். இதில் எனக்குப் பெருமை உண்டு.

நம்மவர்களில் பலருக்கு இந்தப் பொறுமை இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. வார இறுதி விருந்துகளில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, ஒருவர் பெயரிலுள்ள நிறுவனத்தில் பணம் போட்டு, நேரில் பார்த்திராத நிலத்தை வாங்குகிறார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு, யார் எப்போது வெளியேறலாம் என்று ஒரு பக்கம்கூட எழுதுவதில்லை. அப்படிப் பணம் திரட்டுவது பங்குப் பத்திரச் சட்டத்துக்குள் வரக்கூடும் என்று சொன்னால் என்னை விரோதியாகப் பார்க்கிறார்கள். இன்னும் சிலர் 'நான்தானே ஆளைக் காட்டினேன், எனக்கு ஒரு பங்கு கொடு' என்பார்கள். உரிமம் இல்லாதவருக்குக் கமிஷனில் பங்கு கொடுப்பது சட்டவிரோதம் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! நம்மவர்களுக்கு மட்டும் விற்றுப் பிழைக்கலாம் என்ற கணக்கோடு வராதீர்கள். ஆடம்பர ரான்ச் என்பது சின்ன உலகம். 2014-இல் 72.5 கோடி டாலர் கேட்டு விற்பனைக்கு வந்த வாகனர் ரான்ச் ஐந்து லட்சம் ஏக்கருக்கும் மேல். அந்த விற்பனைக்குப் பின்னால் இருபதாண்டுக்கும் மேலான குடும்ப வழக்கு இருந்தது. 2016-இல் அதை வாங்கியவர் ஏற்கெனவே பல ரான்ச்சுகள் வைத்திருந்த ஸ்டான் குரோன்கி. அந்த அளவுக்கு நீங்களும் நானும் போகப்போவதில்லை என்றாலும், சின்ன ரான்ச்சிலும் விற்பவர் பெரும்பாலும் தன் தாத்தாவின் நிலத்தை விற்கிறார். அவருடைய நம்பிக்கையைப் பெறாமல் விற்பனைக்கு நிலமே உங்கள் கைக்கு வராது.

எனக்கு அந்த நம்பிக்கை கிடைத்தது ஒரு மரத்தால். பாதை இல்லாத அந்த 212 ஏக்கர் பேரம் முறிந்து மனம் ஒடிந்திருந்த நாட்களில், பக்கத்துக் கவுண்டியில் ஒரு பெரியவர் வேலியோரம் மெஸ்கீட் மரத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, எங்கள் இராமநாதபுரம் பக்கத்தில் இதன் பங்காளி மரம் இருக்கிறது, சீமைக்கருவேலம் என்போம், உங்கள் கண்டத்திலிருந்துதான் வந்தது என்றேன். அவர் நம்பவில்லை. முள்ளையும் இலையையும் நெற்றையும் தொட்டுக் காட்டி, ஆடு நெற்றைத் தின்று புழுக்கையில் விதையைப் பரப்பும், வெட்டினால் அடியிலிருந்து நாலாகத் துளிர்க்கும், மூட்டம் போட்டுக் கரியாக்குவோம் என்று சொன்னேன். 'எங்கள் மாடுகளும் அதையேதான் செய்கின்றன' என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைக் கீழே வைத்தார். காற்றாடிக் கிணற்றுக்கு அழைத்துப் போனார். இரும்புக் குழாயில் காதை வைக்கச் சொன்னார். உள்ளே தண்டு ஏறி இறங்கும் ஓசைக்கு நடுவே தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. வறட்சி ஆண்டில் அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை என்றார், மாடுகளையெல்லாம் விற்ற பிறகும்.

2015-இல் ஒரு நாள் காலை தொலைபேசி வந்தது. என் பெயர் அவருக்கு நினைவில்லை. மரத்தைப் பற்றிச் சொன்ன ஆள்தானே என்று கேட்டார். 640 ஏக்கர், முழுதாக ஒரு சதுர மைல். பிள்ளைகள் ஆஸ்டினில் இருந்தார்கள், திரும்பி வரப்போவதில்லை. பிக்கப் வண்டியின் முன்மூடியில் தாள்களை விரித்து வைத்துக் கையெழுத்துப் போட்டார். கேமராவை எடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை கவுண்டி அலுவலகத்தில் அந்த நிலத்தின் பழைய பத்திரங்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.