அலைநீளம், மீடிறன், வீச்சம்: கணக்கில் குழம்பாமல் இருப்பது எப்படி?

சாதாரண தரம் எழுதப் போகிறவர் கேட்டிருக்கிறார்: வரைவிலக்கணமெல்லாம் பாடம், கணக்கென்று வந்தால் குழம்புகிறது. ஹட்டன் பக்கம் பதினோராம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், என் பிள்ளைகளும் இதைத்தான் கேட்பார்கள்.

வரைவிலக்கணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எதை எது தீர்மானிக்கிறது என்று பாருங்கள். மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதை, தீர்மானிப்பது அலையை உண்டாக்கும் பொருள், வேகத்தைத் தீர்மானிப்பது ஊடகம், அதாவது அலை போகும் காற்று, நீர் போன்ற பொருள். அலைநீளத்துக்குச் சொந்த முடிவு கிடையாது, இந்த இரண்டும் கொடுப்பதுதான் அதற்கு: வேகம் = மீடிறன் × அலைநீளம்.

தோட்டத்துத் திருவிழாவில் தப்பு என்ற தோல் மேளத்தை அடிக்க முன் நெருப்பில் காய்ச்சுவார்கள் அல்லவா, தோல் இறுகி விரைவாக அதிரும், மீடிறன் கூடிச் சுருதி ஏறும். பலமாக அடித்தால் கூடுவது வீச்சம், அதாவது சத்தம் பெரிதாகும், அவ்வளவுதான்.

அந்த ஒலி 170 ஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நுவரெலியாவில் 15 பாகைக் குளிரில் ஒலியின் வேகம் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர், ஆகவே அலைநீளம் 2 மீற்றர். கொழும்பில் 30 பாகை வெயிலில் அதே 170 ஹேர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 349 மீற்றர் வேகத்தில் போகும், அலைநீளம் 2.05 மீற்றராகிவிடும். மலையில் காற்று ஐதாக இருப்பதால்தான் வேகம் குறைவு என்று பலர் எழுதுகிறார்கள், அது பிழை, வெப்பநிலைதான் காரணம். அதே ஒலி நீருக்குள் போனால் வேகம் 1500 மீற்றரை ஒட்டி வரும், அலைநீளம் 9 மீற்றருக்குக் கிட்டப் போகும், ஆனால் மீடிறன் அதே 170தான்.

அப்புறம் வரைபுகள். கிடை அச்சைப் பார்க்காமல் தயவுசெய்து விடை எழுத வேண்டாம். அதில் தூரம் இருந்தால் முடிக்கு முடி (அலையின் உச்சிக்கு அடுத்த உச்சி) உள்ள இடைவெளி அலைநீளம், நேரம் இருந்தால் அதுவே ஆவர்த்தன காலம், அதாவது ஓர் அதிர்வுக்கு எடுக்கும் நேரம், 1ஐ அதால் வகுத்தால் மீடிறன் (0.02 செக்கன் என்றால் 50 ஹேர்ட்ஸ்). வீச்சத்தை நடுக்கோட்டிலிருந்து முடி வரை மட்டும் அளக்க வேண்டும், தாழியிலிருந்து (அலையின் அடிப் பள்ளத்திலிருந்து) அளந்தால் இரு மடங்கு வரும், கெட்டிக்காரப் பிள்ளைகளே புள்ளியை விடும் இடம் இது.

குறுக்கலை, நெட்டாங்கு அலை லேசு: துணிக்கைகள் அலை போகும் திசைக்குச் செங்குத்தாக அசைந்தால் முதலாவது, அதே திசையில் முன்னும் பின்னும் அசைந்தால் இரண்டாவது, காற்றில் ஒலி இந்த இரண்டாவது வகை.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு: 100 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையின் அலைநீளம் என்ன? வேகம் செக்கனுக்கு 30 கோடி மீற்றர். விடை 3 மீற்றர் வர வேண்டும், வராவிட்டால் செய்த வழியை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.